நம் வீட்டில் ஒரு சரோஜா

சிவமயம்
காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு ஆத்தாவும் நானும் சுகம். நீ போனில் சொன்னதுதான் மனதிலேயே கிடக்கிறது. உன் படக் கதையில் அரசியல் வேண்டாம், கிணற்றடிக் காட்சியை நீக்கிவிடு என்று தயாரிப்பாளர் சொன்னாராம், நீயும் சரி என்று வந்துவிட்டாயாம்.

விசாலாட்சி, அழகம்மை, உமையாள் என்றே பெயர் வைக்கிற நம் வீட்டில் என் அத்தை மட்டும் எப்படி சரோஜா ஆனாள் தெரியுமா? 1937இல் டைரக்டர் கே. சுப்ரமணியம் எடுத்த 'பாலயோகினி' படம் வந்தது. அதில் நடித்த சிறுமி பேபி சரோஜா. மறுவருடம் பிறந்த அத்தைக்கு அந்தப் பெயர். இத்தனைக்கும் அது விதவைகளின் பாட்டையும் சாதிக் கொடுமையையும் பேசிய படம். விதவை வேடத்தில் ஒரு பிராமண விதவையையே நடிக்க வைத்தார் என்று சொந்தச் சாதிக்காரர்களே அவரைத் தள்ளிவைத்தார்கள். நம் வீட்டு ஆட்களோ வண்டி கட்டிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஆசாரத்துக்கு நம் வீடும் குறைந்ததில்லை!

சுப்ரமணியம் வக்கீலாக இருந்தவர். 1939இல் எடுத்த 'தியாகபூமி'யில் ஒரு கோர்ட் காட்சி வரும். கைவிட்டுப் போன கணவன், மனைவி கையில் பணம் வந்தபின் சேர்ந்து வாழ வழக்குப் போடுகிறான். வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள் அவள். பிரசங்கமே இல்லை, குடும்பச் சண்டைதான். ஆனால் கொட்டகையில் இருந்த எந்த ஆச்சிக்குத்தான் அது புரியாது? படத்தில் காந்தி வாடை பலமாக இருந்ததால் வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. தடை அமலுக்கு வருமுன் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள். கடைசியில் போலீஸ் தடியடி.

ஆனால் ஒன்று. 1934இல் அவருடைய முதல் படம் 'பவளக்கொடி'. புராணம், தியாகராஜ பாகவதர், பாட்டோ பாட்டு. 'சேவாசதனம்' எடுத்தபோது எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பாட வைத்தார். பாட்டுக் கேட்க வந்தவர்கள், கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண்ணின் கதையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். கொடுக்கல் வாங்கல் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவள் நீ, இது உனக்குப் புரியும்.

அதனால் கிணற்றடிக் காட்சியை நீக்காதே. அதற்கு அப்புறம் வாத்தியார் இரண்டு பக்கம் பேசுகிறாரே, அதை நீக்கிவிடு. படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. வாளியைத் தட்டிவிடுகிற அந்தக் கை போதும்.

ஆத்தா மணகோலமும் சீப்புச் சீடையும் கட்டி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். தயாரிப்பாளருக்கும் கொஞ்சம் கொடு. கொடுத்துவிட்டு அப்புறம் பேச்சை எடு.

அப்பச்சி