கட்டைவிரல் கதையைத் திருத்திச் சொல்கிறேன்

பவானி,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

போன வாரம் நீ போன் பண்ணி வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது உன் குரல் கம்மியிருந்தது. உலகமயமாக்கல் பற்றிய விவாதத்தில் எழுந்து, "வெள்ளைக்காரன் எங்கள் நெசவாளிகளின் கட்டைவிரலை வெட்டினான்" என்று சொல்லியிருக்கிறாய். எதிரே இருந்த பையன் "எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்று கேட்டதும் உனக்குப் பதில் வரவில்லை. "அப்பா, நீங்கதானே சொன்னீங்க" என்றாய். ஒரு வாரமாக அந்த வார்த்தையே காதில் நிற்கிறது.

ஆமாம், நான்தான் சொன்னேன். உனக்கு ஆறு வயசு இருக்கும். அப்பாரு குழித்தறியில் உட்கார்ந்து ஜமக்காளம் நெய்துகொண்டிருந்தார். அறுந்த இழையை முடிந்து முடிந்து அவருடைய வலது கட்டைவிரலின் உள்பக்கம் காய்த்துப்போய்க் கெட்டியாக இருக்கும். நீ அதைத் தடவிக்கொண்டிருந்தாய். "இந்த விரலைத்தான் அந்தக் காலத்தில் வெட்டினார்கள்" என்றேன். நீ அவர் விரலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாய். எனக்கு அதைச் சொன்னவர் என் பள்ளிக்கூட வாத்தியார். அவரும் நானும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்ததில்லை.

இந்த வாரம் தேடினேன். கதையின் வேர் வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனியோடு மோதி, நாட்டை விட்டே அனுப்பப்பட்டவர். கம்பெனியைத் திட்ட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரே எழுதியது என்ன தெரியுமா? கச்சாப் பட்டு நூல் சுற்றுகிறவர்கள், கம்பெனியின் கெடுபிடி தாங்காமல், தங்களைக் கட்டாயப்படுத்தி நூல் சுற்ற வைக்கக் கூடாது என்பதற்காகத் தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டதும் உண்டு என்கிறார். வெட்டியது வெள்ளைக்காரன் இல்லை. வெட்டிக்கொண்டவர்கள் நெசவாளிகளும் இல்லை. உன் அப்பத்தா திண்ணையில் ராட்டை வைத்துத் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றுவாளே, அந்த மாதிரி வேலை செய்தவர்கள். படித்து முடித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தன் விரலைத் தானே வெட்டிக்கொள்ள ஒரு மனுஷனை எது தள்ளியிருக்கும்? வாய்வழியாக வந்த கதை அந்தக் கேள்வியையே மறைத்துவிட்டது.

கதை தவறு என்றால் அநியாயமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அந்தப் பையன் அப்படிச் சொன்னால் விடாதே. உறுதியான ஆதாரம் சட்டப் புத்தகங்களிலேயே இருக்கிறது. நம் நாட்டு அச்சுத் துணிகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வருவதை 1700இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை வந்தது. பிறகு அவர்களிடம் இயந்திரம் வந்ததும் கதவைத் திறக்கச் சொன்னார்கள். 1896இல், நீ இப்போது இருக்கும் மான்செஸ்டர் பக்கத்து மில்காரர்கள் மனம் கோணக் கூடாதென்று, இந்திய மில் துணிக்கு இந்தியாவிலேயே 3.5 சதவீத வரி போட்டார்கள். இதை யாரும் மறுக்க முடியாது.

இன்னொரு சாட்சி இருக்கிறது, அதை நீ கட்டாயம் படிக்க வேண்டும். 1828இல் வங்காளத்தில் சமாசார் தர்ப்பண் என்ற பத்திரிகைக்குச் சாந்திபூரிலிருந்து ஒரு விதவை கடிதம் எழுதினாள். இளம் வயதில் கணவனை இழந்தவள். நூல் நூற்றே மகள்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். நெசவாளிகள் அவள் வீட்டு வாசலுக்கே வந்து நூல் வாங்கிப் போவார்கள். திடீரென்று வருவது நின்றுவிட்டது. விசாரித்தால் சீமை நூல் மலிவாக வந்திறங்கியிருக்கிறது. நூற்பதில் எவ்வளவு கஷ்டம் இருக்கிறது என்று தெரிந்தவள் அவள். அதனால், இவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்றால் அந்த நாட்டில் தன்னைவிட ஏழையான பெண்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைக்கிறாள். அந்த நூலுக்குப் பின்னால் ஓர் இயந்திரம் இருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது கண்ணு. வயிறு காய்ந்த நேரத்திலும் அவளுக்குக் கோபத்தைவிடக் காரணம் கேட்கத்தான் தோன்றியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனி. நாம் அழுதது நெசவாளிக்காக. முதலில் அடியோடு போனது நூற்கிறவள் பிழைப்பு. நெசவாளிகளில் பலர் அதே மில் நூலை வாங்கி நெய்து தாக்குப் பிடித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கைத்தறித் துணி உற்பத்தி கூடவே செய்தது என்று பொருளாதார வரலாற்றாளர் தீர்த்தங்கர் ராய் காட்டுகிறார். நம் ஊர் ஜமக்காளமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், சீமைத் துணியோடு போட்டி போட முடியாமல், முரட்டு நூலில் வேறு சரக்கு நெய்யப் போய்ப் பிறந்தது என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், 1700இல் உலக உற்பத்தியில் 24 சதவீதம் நம்முடையது, 1950இல் 4 சதவீதம் என்றும் பேசினாயாம். பொருளாதார வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசனின் மதிப்பீடு அது, சரிதான். ஆனால் 1700இல் உலக மக்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் இருந்தார்கள் என்பதும் அவர் கணக்குதான். எல்லா நாடும் கையால் உழைத்த காலத்தில், ஆள் எத்தனையோ பங்கும் அத்தனை. பிறகு மற்றவர்கள் வேகமாக வளர்ந்தாலே நம் பங்கு சுருங்கிவிடும். கொள்ளை நடந்தது உண்மை. அது எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்ணிலிருந்து எடுக்க முடியாது.

அந்தப் பையன் சொன்னானாமே, உலக வர்த்தகம்தான் கோடிக்கணக்கான பேரை வறுமையிலிருந்து தூக்கிவிட்டது என்று. அவனிடமும் இதே மாதிரி கேள். உலக வங்கிக் கணக்கில், உலக மக்களில் கடும் வறுமையில் இருந்தவர்கள் 1990இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 2015இல் பத்தில் ஒரு பங்கு. நல்ல செய்தி, மனசாரச் சந்தோஷப்பட வேண்டியது. அதில் பெரும்பங்கு சீனா. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001இல். அதற்கு இருபது வருஷம் முன்பே கூட்டுப் பண்ணைகளைப் பிரித்து நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டபோது கிராமத்து வறுமை வேகமாகக் குறைய ஆரம்பித்துவிட்டது. ஏற்றுமதிக்கும் பங்கு உண்டு, எல்லாமே அதனால் இல்லை. நம் நாட்டில் 1991இல் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு நடந்ததைப் பெட்டியா டோபலோவா என்ற பொருளாதார ஆய்வாளர் மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தார். இறக்குமதி வரிக் குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புறங்களில் வறுமை மெதுவாகத்தான் குறைந்தது. கவனி, கூடியது என்று அவர் சொல்லவில்லை. நீ அதைக் கூடியது என்று மாற்றிச் சொன்னால் இன்னொரு கட்டைவிரல் கதை ஆகிவிடும்.

நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாருவின் தறி நின்றதற்குக் காரணம் வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் நானும் பல வருஷம் பேசினேன். இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன். பவானி ஜமக்காளம் என்ற பெயரில் மலிவாகச் சந்தைக்கு வந்தது மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு. ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம், 1985ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. 2005-06இல், அந்தப் பெயர் நம் ஊருக்கே உரியது என்று சொல்லும் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டம் இருந்தும் சரக்கு வந்தது, வாங்கியவர்கள் நம் ஊர் ஜனங்கள். கப்பலில் வந்த எதையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. அப்பாரு இருந்தபோதே இது எனக்குத் தெரிந்திருந்தால், யார் மேல் மனு கொடுப்பது என்றாவது தெரிந்திருக்கும்.

அப்பத்தாவிடம் போல்ட்ஸ் எழுதியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ராட்டையை நிறுத்தி வைத்திருந்தாள். "சுத்தறவங்களா வெட்டிக்கிட்டாங்க?" என்று கேட்டாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

நான் படித்தது கணினியில் யாரோ எடுத்துப் போட்டிருந்த பகுதிதான். உன் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த 1772 புத்தகம் இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்தப் பக்கத்தையும் அதற்கு முன்பின் பக்கங்களையும் படித்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பு. நான் சொன்னதில் தப்பு இருந்தால் அதையும் எழுது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா