காட்டுச் சாலைக்கு நேரச் சீட்டு கேட்டு ஒரு திறந்த மடல்

முதுமலை வழிச் சோதனைச்சாவடிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தெப்பக்காடு–மசினகுடி சாலை விடுமுறை நாளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கூடலூரிலிருந்து மாலைப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். தெப்பக்காடு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் நாலைந்து கார்கள், கதவுகள் திறந்தபடி. உன்னிச்செடிப் புதரோரம் ஒரு தாய் யானை, காலடியில் குட்டி. ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றி, யானைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். யானை காதை விரித்து இரண்டு எட்டு முன்னால் வைத்தது. எங்கள் ஓட்டுநர் ஹாரன் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. பின்னால் எடுக்கலாமென்றால் அங்கேயும் கார்கள் வரிசை கட்டிவிட்டன. முன்கதவுக்குக் கொக்கி கிடையாது. நடத்துநர் அதைக் கையால் இழுத்துப் பிடித்தபடி நின்றார். யானை பாய்ந்திருந்தால் நாங்கள் எங்கே போவது?

அன்று யானை பொறுத்துப் போனது. 2025 ஆகஸ்டில் கர்நாடகப் பக்கம் பண்டிப்பூர் சாலையில் படமெடுக்கப் போனவரை யானை துரத்தி மிதித்தது. உயிர் தப்பியவருக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். மிதிபட்ட பிறகு அபராதம் போட்டு என்ன ஆகப்போகிறது? முன்னாலேயே தடுக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது நேரச் சீட்டு. நுழையும் சாவடியில் நேரம் குறித்துக் கொடுங்கள், வெளியேறும் சாவடியில் வாங்கிப் பாருங்கள். ரொம்ப முன்னால் வந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார். ரொம்பத் தாமதமானால் வழியில் நிறுத்தியிருக்கிறார். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1915-ல் கார்களை முறைப்படி அனுமதித்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. குறித்த நேரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நிமிடக் கணக்கில் அபராதம். 25 நிமிடத்துக்கு மேல் முந்தினால் 25 டாலர். அதே பாதையில் போன குதிரை வண்டிகளின் குதிரைகள் மிரளும் என்பது அன்றைய கவலைகளில் ஒன்று. குதிரைக்கே அவ்வளவு யோசித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் கேரளாவின் மலக்கப்பாறை–வாழச்சால் காட்டுச் சாலையில் நேரம் குறித்துத்தான் வண்டிகளை விடுகிறார்கள்.

கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சாவடியில், நீலகிரிக்குள் வருவதற்கான இ-பாஸ் பார்க்கவும் பிளாஸ்டிக் பாட்டில் தேடவும் எப்படியும் வண்டியை நிறுத்துகிறீர்கள். அந்த நேரத்திலேயே சீட்டையும் எழுதிக் கொடுத்துவிடலாமே.

ரீல்ஸுக்காக யானையைச் சீண்டுகிறவர்கள் அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். சீண்டப்பட்ட யானை இங்கேதான் இருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் அதன் எதிரே போய் நிற்பது மாடு மேய்ப்பவரும் பால் கொண்டுபோகிறவரும். யாராவது செத்தால் அதற்குக் கொலைகார யானை என்று பெயர் வைத்து, பிடிக்கச் சொல்லிக் கூட்டம் கூடும். காரை விட்டு இறங்கியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. விடுதிகளும் யானை தரிசனம் என்று விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கின்றன. காட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரி சொல்வதில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரோந்து வரும் ஊழியர்கள் இந்தக் கூட்டத்தோடு படும் பாட்டை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கும் இது உதவும். கோடை சீசனுக்கு முன்னால், தெப்பக்காட்டிலும் மசினகுடியிலுமாவது நேரச் சீட்டைத் தொடங்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். உள்ளூர் வண்டிகளுக்கும் சேர்த்தே கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மசினகுடிவாசி ஒருவர்