உயிர் உரம் வழங்கும் வேளாண்மை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண்மை விரிவாக்க மைய அலுவலர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெல் நிற்கும் வயலிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் பருவத்தில் உங்கள் மையங்களில் ரைசோபியம் பொட்டலங்கள் கொடுக்கப்படுகின்றன. ரைசோபியம் என்பது பயறு வகைச் செடிகளின் வேரில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு வேண்டிய தழைச்சத்தாக மாற்றித் தரும் பாக்டீரியா. ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள், நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள், பூஞ்சணக்கொல்லி கலந்திருந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள் என்று சொல்லியும் அனுப்புகிறீர்கள். ஆனால், இவற்றை ஏன் செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாத விதியை வேலை நெருக்கடியில் எவரும் கைவிட்டுவிடுவார்கள். பொட்டலம் வெயிலில் கிடக்கும், அல்லது பூச்சிமருந்துப் புட்டியோடு ஒரே பையில் வீடு போய்ச் சேரும். மண் நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், அந்தக் காரணத்தை விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்பதற்கே இம்மடலை எழுதுகிறேன்.

பொட்டலத்தில் உள்ள கரும்பொடி உயிருள்ள ஒரு கூட்டம். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பொடி வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும். அவை மண்ணில் விழுந்தவுடன் தழைச்சத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் செடிக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு பேச்சு நடக்க வேண்டும். தழைச்சத்து போதாத பயறுச் செடியின் வேர், ஃபிளேவனாய்டு என்னும் பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷாரன் லாங் குழுவினர், குதிரைமசால் என்னும் தீவனப் பயிரில் இவ்வேலையைச் செய்யும் பொருள் லூட்டியோலின் என்று கண்டறிந்தார்கள். அதை உணர்ந்த பாக்டீரியா, தன் பங்குக்கு 'நாட் காரணி' என்ற மூலக்கூறைச் செய்து வெளியிடுகிறது; அதன் அமைப்பை 1990இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். மிக நுண்ணிய அளவே வேரைத் தொட்டாலும் போதும், வேர்த்தூவி வளைந்து சுருண்டு பாக்டீரியாவை அணைத்துக்கொள்கிறது, உள்ளே ஒரு மெல்லிய குழாய்ப் பாதை உருவாகிறது, அதன் வழியே அவை சென்று சேரும் இடத்தில் வேர்முடிச்சு பருக்கிறது. நிலக்கடலையில் வழி வேறு: பக்கவேர் கிளைக்கும் இடத்து வெடிப்பின் ஊடாக அவை நுழைகின்றன.

செடிக்குச் செடி வேர்க்கசிவும் வேறு, அதற்கு வரும் மறுமொழியும் வேறு. பயறுக்குத் தனி, நிலக்கடலைக்குத் தனி, சோயாவுக்குத் தனி எனப் பொட்டலங்கள் இருப்பது இதனால்தான். கையிருப்பில் மீந்ததை எந்தப் பயிருக்கும் கொடுத்தனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இந்த நுண்ணுயிர்கள் தங்களுக்குள்ளும் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வோர் உயிரணுவும் சிறு அளவில் ஒரு லாக்டோன் மூலக்கூறை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது; கூட்டம் பெருகப் பெருகச் சுற்றிலும் அதன் செறிவு ஏறுகிறது; ஓர் எல்லையைக் கடந்ததும் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. குதிரைமசால் வேரில் வாழும் இனம், கூட்டம் அடர்ந்ததும் நீந்துவதைக் குறைத்துக்கொண்டு வழவழப்பான கூழ்ப்பொருளைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் தன் இனத்தாரின் எண்ணிக்கையை அறிந்து அதற்கேற்ப நடக்கிறது என்பதை எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தினாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. உங்கள் பணிக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் உள்ளூர் ரைசோபியங்கள் ஏராளம். அவற்றில் சில முடிச்சை உண்டாக்குவதில் கெட்டிக்காரர்களாகவும் தழைச்சத்து தருவதில் சோம்பேறிகளாகவும் இருக்கின்றன. அவற்றை முந்திக்கொண்டு வேரில் இடம்பிடிக்க, நாம் இடுபவை விதையை ஒட்டியே பெருந்திரளாக உயிரோடு இருந்தாக வேண்டும். தகரக்கூரையின் கீழ் ஒரு கோடை கிடந்த பொட்டலத்தில் அந்தத் திரள் எஞ்சியிருக்காது.

சோம்பேறிகளைச் செடியும் சும்மா விடுவதில்லை. 2003இல் டோபி கியர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சோயா வேரின் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனை நீக்கி ஆர்கானை நிரப்பினார்கள். உள்ளிருந்த பாக்டீரியாவால் தழைச்சத்து தர இயலவில்லை. செடி அந்த முடிச்சுகளுக்குள் செல்லும் ஆக்சிஜனைக் குறைத்தது. உழைத்த முடிச்சுகளில் இருந்தவற்றைப் போல அவற்றால் பெருக முடியவில்லை. கொடுப்பவருக்கே கொடுப்பது என்ற இந்த ஒழுங்குதான் அவ்வுறவைக் காத்துவருகிறது.

இதையெல்லாம் அறிந்த விவசாயிக்கு, பயறுக்கு அளவுக்கு மிஞ்சி யூரியா இடக்கூடாது என்பதைத் தனியாக வற்புறுத்த வேண்டியதில்லை. மண்ணிலேயே தழைச்சத்து மிகுந்திருந்தால் செடி பாக்டீரியாவை அழைப்பதைக் குறைத்துக்கொள்கிறது, முடிச்சுகளும் குறைகின்றன. பரிந்துரைத்த அடியுரத்தோடு நிற்பதன் பொருள் அவருக்கே விளங்கும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பொட்டலங்களை யூரியா மூட்டைக்கும் பூச்சிமருந்துப் பெட்டிக்கும் அருகே அடுக்காமல், வெயில் படாத குளிர்ந்த அறையில் வையுங்கள்; காலாவதித் தேதியை வாங்குபவர் கண்முன் படித்துக் காட்டுங்கள். விதைத்து ஒரு மாதம் ஆகும் நேரத்தில் ஊருக்கு ஒரு வயலிலாவது இறங்கி, நான்கைந்து பேரை அழைத்து, ஓர் உளுந்துச் செடியை எடுத்துக் காட்டுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் களிமண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் கட்டியோடு தோண்டி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணைக் கரையவிட வேண்டும். ஆணிவேரின் மேற்பகுதியில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருப்பவற்றுள் ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தழைச்சத்து உண்டாகும் வேலை கெடாமல் காப்பது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. இரண்டையும் ஒருமுறை பிளந்து பார்த்தவர், அடுத்த பருவத்தில் உங்கள் மையத்துக்கு வந்து பொட்டலத்தின் தேதியைத் தாமே கேட்பார்.

அன்புடன்,
டெல்டா மாவட்டத்து நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்