திருத்தம் தயாராக இருக்கும்போது ஏன் தர மறுக்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கணினிகளை இயங்குதளங்கள் எத்தனை நாள்தான் சுமப்பது என்று கேட்டிருந்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றையும் காலத்துக்கும் சுமக்க முடியாது, சரி. 1985இல் வந்த இன்டெல் 386 சில்லுக்கான ஆதரவை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலிருந்து 2012 கடைசியில்தான் நீக்கினார்கள். 27 வருடம்! அதற்குப் பிறகும் அதைச் சுமக்கச் சொல்வது, கர்னலை எழுதுபவர்களுக்கு வீண் வேலை.

விண்டோஸ் 10இன் கதை அப்படியல்ல. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் இன்டெல் 7ஆம் தலைமுறை கோர் ஐ7-7700 சில்லு உள்ள கணினி தேறாது. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருந்தாலும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை இயக்க முடிந்தாலும் தேறாது. ஆனால் அதைவிடப் பல மடங்கு மெதுவான செலரான் என்4000 சில்லு உள்ள கணினி, வெறும் 4 ஜிபி ரேமோடு தேறிவிடுகிறது. இதைப் பழசு என்று ஒதுக்கியதாக எப்படி எடுத்துக்கொள்வது?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். நிறுவனங்கள் பணம் கட்டினால் விண்டோஸ் 10க்கு மூன்று ஆண்டு வரை, மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு என்றுதான் அறிவித்தார்கள். அப்படியென்றால் திருத்தங்களை எப்படியும் எழுதத்தானே போகிறார்கள்? எழுதி முடித்ததை எல்லோருக்கும் அனுப்பினால் என்ன?

ஓட்டை அடைபடாத கணினி அதன் சொந்தக்காரருக்கு மட்டும் ஆபத்தல்ல. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னகிரை என்ற தீநிரல் பரவியது, மார்ச்சிலேயே வந்துவிட்ட திருத்தத்தைப் போடாத கணினிகளின் வழியாகத்தான். அப்போது, மூன்று வருடம் முன்பே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. மனம் வைத்தால் முடிகிறது.

லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நானும் போட்டிருக்கிறேன், 2011இல் வாங்கிய மடிக்கணினி இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் வருடக் கணக்காக விண்டோஸில் ஓடும் எக்ஸெலின் மேக்ரோக்களை (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை) நம்பித் தொழில் நடத்துபவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய கணினிக்குப் புது வசதி எதுவும் வேண்டாம், பாதுகாப்புத் திருத்தம் போதும். அப்புறம், ஆதரவுக் காலத்தை இயங்குதளம் வெளியான நாளிலிருந்து கணக்கிடுவதையும் மாற்ற வேண்டும். விண்டோஸ் 10 வந்தது 2015இல். பத்து வருடம் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். 2018இல் 7ஆம் தலைமுறைக் கணினி வாங்கியவருக்குக் கிடைத்தது ஏழு வருடம்தான். கணினி கடைசியாக விற்கப்பட்ட நாளிலிருந்து பத்து வருடம் என்று சட்டமே வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்