பெண் அதிகாரி சரி, பெண் ஜவான்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நானும் பட்டாளத்தின் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன்.

பெண் அதிகாரிகளுக்குத் தலைமைப் பொறுப்பு தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு வாதாடியபோது ஒரு காரணம் சொன்னது. ஜவான்கள் பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், பெண்ணின் உத்தரவை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லையாம். 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அந்தக் கிராமத்து ஜவான் நான்தானே? என்னை யாரும் கேட்கவில்லையே!

2003 வாக்கில் எங்கள் கம்பெனிக்கு ஒரு பெண் கேப்டன் வந்தார். முதல் வாரம் எங்களுக்கு இருந்த ஒரே குழப்பம், அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். 'மேம்சாப்' என்றால் பட்டாளத்தில் அதிகாரியின் மனைவி. 'மேடம் போதும்' என்று அவரே முடித்துவைத்தார். ஒருநாள் ராத்திரி, மழையில், காவல் போஸ்ட்டுக்குப் போகும் டெலிபோன் லைன் அறுந்துவிட்டது. லைனைச் சரிசெய்யப் போகும் லைன் பார்ட்டியோடு அவரும் கிளம்பினார். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே சரிவில் இறங்கினோம். அறுந்த இடத்தில் நான் ஜாயின்ட் போட, அவர் டார்ச் பிடித்தார். போட்டது சரியில்லை, பிரித்து மறுபடி போடு என்றார். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் போட்டேன். ஆண் அதிகாரி சொல்லியிருந்தாலும் அப்படித்தான் திட்டியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு இப்போது 19 வயது, என்.சி.சி.யில் இருக்கிறாள். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவாள். பின்னால் நான் டிவிஎஸ் ஃபிப்டியில், கையில் ஸ்டாப்வாட்சோடு. ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் முடித்தால் முதல் பிரிவு. அவள் ஏழு நிமிடம் பத்து நொடியில் முடிக்கிறாள். "அப்பா, நானும் சிக்னல்ஸ்லயே சேரட்டுமா?" என்று கேட்டாள். முடியாதும்மா என்று சொல்ல வேண்டியதாயிற்று. தரைப்படையில் அக்னிவீராக, அதாவது நான்கு வருடத்துக்கு எடுக்கும் ஜவானாகச் சேரும் பெண்ணுக்கு ராணுவ போலீஸ் பிரிவு ஒன்றுதான். அதிகாரி என்றால் சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் எல்லாம் உண்டு. 2023-ல் நம் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்த ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்கே போனார்கள். ஜவான் என்றால் மட்டும் கிடையாது. கடற்படையில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியிலேயே 270-க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள்.

படையில் பெண்களைக் கூட்ட வேண்டும் என்று பேசுகிறவர்கள் அதிகாரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி? முதலில் சிக்னல்ஸ், மருத்துவப் பிரிவு இரண்டிலாவது பெண் ஜவான்களை எடுக்கட்டும். தங்குமிடம், கழிப்பறை இல்லை என்பார்கள். ராணுவ போலீஸ் பெண்களுக்குச் செய்து கொடுத்ததை இங்கேயும் செய்தால் ஆயிற்று. கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. அக்னிவீருக்கு வயது வரம்பு உண்டு. என் மகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார்,
கம்மவான்பேட்டை