'என்ன சாதி நாய்?' என்ற கேள்வி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியான நாய்க் கண்காட்சிப் படங்களையும், சென்னையில் இப்போது எந்தெந்த வெளிநாட்டு இனங்களை மக்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்ற குறிப்பையும் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் அந்த முழுப் பக்கத்திலும் கலப்பின நாய் ஒன்றுகூட இல்லை. கண்காட்சியில் அவற்றுக்கு இடமில்லை என்பதை நான் அறிவேன். இருந்தாலும், பிள்ளைகளுக்காக ஒரு நாய் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பம் இத்தகைய பக்கத்தைப் பார்த்துத்தான் எதை வாங்குவது என்று தீர்மானிக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தீர்மானித்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆதம்பாக்கத்தில் தினமும் காலையில் எங்கள் மணியை நடத்திச் செல்லும்போது எதிரில் வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன சாதி நாய்ம்மா?" என்பதுதான். கலப்பு நாய், மழைக்கு ஒதுங்கி வந்தது என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் இருந்த ஆர்வம் அப்படியே வடிந்துவிடுகிறது. கடிக்குமா, தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, பிள்ளைகளோடு பழகுமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. விலை கொடுத்து வாங்கிய நாயைச் 'சாதி நாய்' என்றும், வாசலில் பிறந்ததைத் 'தெரு நாய்' என்றும் சொல்வது நம் பேச்சில் ஊறிப்போயிருக்கிறது. ஆங்கிலேயர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நம் மண்ணின் ஒரு சமூகத்தின் பெயரையே இழிசொல்லாக்கி நாட்டு நாய்க்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் விலங்கியல் நூல்களிலும் ஏறிவிட்டது. மனிதரிடம் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கேள்வியை ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துக் கூச்சமின்றிக் கேட்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தச் சாதியும் நிலையானதன்று, காலத்துக்குக் காலம் மாறுகிறது. என் இளவயதில் பெரிய பங்களாக்களின் கேட்டில் அல்சேஷன் நின்றது. பின்னர் டாபர்மேன் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடுத்தர வீடுகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பொமரேனியன். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை இந்திய ஸ்பிட்ஸ். பிறகு லாப்ரடார். 2003-இல் ஒரு செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய நாய் நாடு முழுவதும் பக் இனத்துக்கு ஒரு மோகத்தை உண்டாக்கியது. இப்போது ஹஸ்கியும் ஷிட்சுவும் பீகிளும். அந்தப் பொமரேனியன்கள் எல்லாம் எங்கே போயின? அவற்றில் சில தெருவுக்கு வந்தன. இன்று வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ சுருண்ட வாலும் நீண்ட முடியுமாகத் திரியும் குட்டியைக் கண்டால், அந்தப் பழைய மோகத்தின் பேரப்பிள்ளை அது என்றே எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் அந்த விளம்பர நாய்தான். மகன் அடம்பிடித்ததால் 2007-இல் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பக் குட்டியை வாங்கினோம். பப்லு என்று பெயர் வைத்தோம். முப்பது நாள்கூட நிரம்பாத குட்டி என்பது மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. அவன் அன்புக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவன் நிம்மதியாக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. இரவெல்லாம் அவன் விட்ட குறட்டையைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அது மூச்சுக்கான போராட்டம் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர, உடற்சூட்டைத் தணிக்க அதற்கு உள்ள பெரிய வழி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான். வேகமாகப் போய்வரும் காற்று வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கும்போது இரத்தம் குளிர்கிறது. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில், முகம் குழந்தை முகம்போல் தட்டையாக இருக்க வேண்டும் என்ற மனித ஆசைக்காகத் தலைமுறை தலைமுறையாக மண்டையோட்டைக் குறுக்கிவிட்டார்கள். எலும்பு குறுகியது, உள்ளே இருக்கும் மெல்லண்ணமும் தசையும் அதே அளவுக்குக் குறுகவில்லை. அவை தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மூக்குத் துளைகளோ கீறல்போல் ஆகிவிட்டன. குளிர்நாட்டிலேயே திணறும் இந்த நாயைக் கடற்காற்றின் ஈரப்பதமும் நாற்பது டிகிரி வெயிலும் சேர்ந்த சென்னைக்குக் கொண்டுவந்தால் அது எப்படி மூச்சிரைத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்? தட்டை முக நாய்களை விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுப்பதும் இந்த ஆபத்தை அறிந்துதான். 2014 மே மாதம், கத்திரி வெயிலில் ஒரு பிற்பகல், மூன்று மணி நேர மின்தடையின்போது பப்லு இறந்துபோனான். ஈரத் துணியால் போர்த்தி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஹஸ்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. உடலில் இரண்டு அடுக்கு முடி. நாள் முழுவதும் ஓடப் பிறந்த அந்த உயிர், எங்கள் பகுதியில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்றில் ஏசி அறைக்குள் படுத்துக் கிடப்பதைப் பார்க்கிறேன். வளர்ப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நடத்திச் செல்கிறார்கள், மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் குளிரூட்டுகிறார்கள். ஆனாலும் அந்த நாய் இந்த ஊருக்கானதன்று. தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, பக், பிரெஞ்சு புல்டாக், செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மாலமூட் உள்ளிட்ட பதினொரு வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டத்தின் முடிவு எதுவாக இருந்தாலும், வெப்பத்தைத் தாங்க முடியாத நாய் என்ற அந்தக் கொள்கையின் காரணத்தை, ஒரு நாயை மடியில் வைத்து இழந்தவள் என்ற முறையில் நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

தூய இனம் என்றாலே நோய், கலப்பு என்றாலே ஆரோக்கியம் என்று சொல்லவும் நான் வரவில்லை. 2013-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 24 பரம்பரைக் கோளாறுகளை ஒப்பிட்டார்கள். அவற்றில் பத்து, தூய இன நாய்களில் அதிகம். பதின்மூன்றில் இரண்டு வகைக்கும் வேறுபாடு இல்லை. முழங்கால் தசைநார் கிழியும் ஒரு கோளாறு மட்டும் கலப்பின நாய்களில் அதிகமாக இருந்தது. அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது? ஒரே குடும்பத்து நாய்களையே மீண்டும் மீண்டும் இணைப்பதில் வருகிறது. ஆடு வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாயை மாற்றுவார்கள். ஒரே இரத்தம் சேர்ந்தால் குட்டி நோஞ்சானாகும் என்பது எழுத்தறியாத என் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. மோகம் பெருகும்போது இந்த எச்சரிக்கைதான் முதலில் காற்றில் பறக்கிறது.

தூய இனங்களின் நற்குணங்களை நான் மறுக்கவில்லை. குட்டி எவ்வளவு பெரிதாக வளரும், எதில் தேர்ச்சி பெறும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அதனால்தான் பார்வையற்றோருக்கு வழிகாட்ட லாப்ரடாரையும், காவல் துறையில் மோப்பம் பிடிக்கக் குறிப்பிட்ட இனங்களையும் பழக்குகிறார்கள். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் தலைமுறைகளாகப் பேணப்பட்ட இனங்கள்தாமே. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தபால் துறையில் பணிபுரிந்தவள். 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாய்களின் தபால்தலைகள் வெளியானபோது, அவற்றுள் ராஜபாளையமும் இருந்ததால், கவுன்ட்டரில் எல்லோருக்கும் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நாட்டு இனங்களின் பெயர்களைச் சொன்னபோதும் மகிழ்ந்தேன். ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் வந்தது. ராஜபாளையத்தையும் மோகப்பொருளாக்கிவிட்டால் அதற்கும் இதே கதிதான். தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால், காது கேளாத குட்டிகள் அந்த இனத்தில் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே.

குணம் இனத்தோடு வருகிறது என்று எண்ணியே பெரும்பாலோர் பணம் கொடுக்கிறார்கள். 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களைப் படித்தும், நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று காட்டியது. எஞ்சியதெல்லாம் அந்தந்த நாயும், அதை வளர்க்கும் விதமும், அது கண்ட வாழ்வும்.

எங்கள் மணி 2015 டிசம்பர் வெள்ளத்தில் வந்தான். தெருவில் இடுப்பளவு தண்ணீர்; மாடிப்படியின் நான்காவது படியில் நனைந்த பந்துபோல் ஒடுங்கிக் கிடந்தான். தண்ணீர் வடியும்வரை இருக்கட்டும் என்றுதான் உள்ளே எடுத்தோம். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும், முன்னங்கால்களில் வெள்ளை. அவனைப் போன்ற இன்னொரு நாயை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. கலப்பு நாயின் அழகு என்று நான் கருதுவது இதைத்தான். இனப்பெயர் உள்ள நாயைப் பார்க்கும்போது அந்த இனத்தின் அளவுகோலுக்கு அது பொருந்துகிறதா என்று மனம் அளக்கத் தொடங்குகிறது. மணியை அளக்க என்னிடம் அளவுகோல் ஏதும் இருக்கவில்லை. அவனையே பார்த்துப் பார்த்துத்தான் அவனை அறிந்துகொண்டேன். கத்திரி வெயிலில் கிணற்றடியின் ஈரமண்ணைக் கால்களால் பறித்துக் குழியாக்கி அதில் படுத்துக்கொள்கிறான். குட்டியாக இருந்தபோது ஒருமுறை வந்த உண்ணிக் காய்ச்சலையும், ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிகளையும் தவிர வேறு எதற்காகவும் மருத்துவரிடம் போனதில்லை. எல்லாக் கலப்பு நாய்களும் இப்படியே இருக்கும் என்று உறுதி கூற மாட்டேன். எங்களுக்கு அமைந்ததைச் சொல்கிறேன்.

கலப்பு என்பதையே விலையுயர்ந்த மோகமாக்கவும் முடியும் என்பதை வெளிநாடுகள் காட்டிவிட்டன. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்ப் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றிய வாலி கான்ரன், ஒவ்வாமையுள்ள குடும்பம் ஒன்றின் தேவைக்காக 1989-இல் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பின்னாளில் அந்தக் கலப்பு உலகெங்கும் கண்மூடித்தனமான வியாபாரமானதைக் கண்டு தாம் செய்ததற்காக அவரே வருந்தினார்.

சென்னை மாநகராட்சிக்காக 2024-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி நகரில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் உள்ளன. அவற்றுக்குக் கருத்தடை செய்வதே முதன்மையான வழி என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பணியை இந்தியாவில் முன்னோடியாக 1964-இலேயே தொடங்கியது நம் ஊரின் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு என்பதும், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்ட ருக்மிணி தேவி அருண்டேல் வாழ்ந்த நகரம் இது என்பதும் நாம் மறக்கக் கூடாதவை. அதே நகரத்தில் தத்தெடுப்பு முகாம்களுக்கு வருபவர்கள், "ஆண் குட்டி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் பெண் குட்டிகளை விட்டுப் போகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பாகுபாட்டுக்குக் காரணமே இல்லை. சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஹஸ்கி மின்தூக்கியில் வந்தால் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். முறையாகத் தடுப்பூசி போட்டு உரிமம் பெற்ற நாட்டுக் குட்டி வந்தால் சங்கத்தில் புகார் எழுதுகிறார்கள்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. தங்கள் வரி விளம்பரங்களில் நாய்க்குட்டி விற்பனை அறிவிப்புகள் வரும்போது, அந்தப் பதிவு எண்ணும் குட்டியின் பிறந்த தேதியும் இல்லாதவற்றை ஏற்க வேண்டாம். எங்கள் பப்லுவை வாங்கிய நாளில் அந்த இரண்டு விவரங்களையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்று, ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு மூலையை ஒதுக்கி, வீடு தேடும் கலப்பினக் குட்டிகளின் படங்களை, முடிந்தால் பெண் குட்டிகளுடையதை முதலில் போட்டு, தடுப்பூசி, கருத்தடை விவரங்களோடு வாரந்தோறும் வெளியிடுங்கள். கண்காட்சி நாய்களை எடுத்த அதே புகைப்படக்காரரே, அதே நல்ல வெளிச்சத்தில், அதே பொறுமையோடு அவற்றையும் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர்,
ஆதம்பாக்கம், சென்னை.