குறிக்கோள் முதற்பக்கத்தில், வினாத்தாளில் இல்லை

ஆசிரியர் அவர்கட்கு,

கல்விச் சீர்திருத்தம் என்றதும் ‘நமது தேசியக் குறிக்கோள்கள் எவை?’ என்று முதலிலிருந்து தொடங்கும் பேச்சு சலிப்பூட்டுகிறது. இலங்கையில் குறிக்கோள்களுக்குப் பஞ்சமில்லை. 1991இன் 19ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழு, 1992 அறிக்கையில் ஒன்பது குறிக்கோள்களையும், மாணவர் பெற வேண்டிய ஆற்றல்களான ஐந்து அடிப்படைத் தேர்ச்சிகளையும் தந்தது. 2003இல் குறிக்கோள்கள் எட்டாகின, தேர்ச்சிகள் ஏழாகின. ஆசிரியர் வழிகாட்டிகளின் ஆரம்பப் பக்கங்களில் அவை அச்சாகியிருக்கும். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு நேரே அலகுக்குப் போகிற ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை.

தேசியக் குறிக்கோளிலிருந்து அடிப்படைத் தேர்ச்சி, அதிலிருந்து பாடத் தேர்ச்சி, பிறகு அதன் படிகளான தேர்ச்சி மட்டம், கடைசியில் வகுப்பறைப் பாடவேளை என்று ஒரு சங்கிலி உண்டு. இதுவரை காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வினாத்தாளில் வந்து அறுகிறது.

தொடர்பாடல் தேர்ச்சியைப் பாருங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் அதில் அடக்கம். சாதாரண தரத் தமிழ்மொழிப் பரீட்சையில் முதலிரண்டுக்கும் சோதனை கிடையாது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கொரு நிமிடம் பேசவிட்டாலே பாடவேளை ஏறக்குறைய முடிந்துவிடும், திருத்த நேரமில்லை. புள்ளியும் கிடைக்காத வேலைக்கு யார் பாடவேளையைக் கொடுப்பார்கள்?

விஞ்ஞானத்திலும் இதே கதைதான். பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சூடாக்கி ஒட்சிசனை நீரின் மேல் சேகரிக்கும் படத்தை மாணவர் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். அடுப்பை அணைக்கும் முன் குழாயை நீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியாக எழுதிவிடுவார். எடுக்காவிட்டால், உள்ளே வாயு குளிர்ந்து அமுக்கம் குறைய, நீர் மேலேறிச் சூடான கண்ணாடியை வெடிக்கச் செய்யும். ஒரு தடவை கையால் செய்தவருக்கு அது மறக்காது. ஆனால் செய்முறைப் பரீட்சைதான் இல்லையே.

இந்த இடைவெளியை நிரப்பத்தான், ஆசிரியரே தம் மாணவருக்குப் புள்ளியிடும் பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை இஸட் புள்ளியில் அதற்குப் பங்கில்லை. ஒரு பாடசாலையின் புள்ளியை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடும் வலுவாக இல்லை. ஆகவே அது படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

1945 ஒக்டோபர் 1இல் தொடங்கிய இலவசக் கல்வியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் அந்த இலக்கைச் சரிபார்ப்பது சுலபம்: கட்டணம் வாங்கினார்களா, இல்லையா? (வசதிக் கட்டணம் பிறகு புகுந்தது தனிக்கதை.) தேர்ச்சிகளில் ஒன்றான ‘ஆளுமை விருத்தி’யை அப்படிக் கேட்டு அறிய முடியாது.

இன்னொன்று, பொறுமை. 1972 சீர்திருத்தம் தொழில் சார்ந்த பாடங்களைக் கொண்டுவந்தது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. 1972இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பில்தான் இருந்திருக்கும். முதலாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவர் தொகுதியாவது முழுமையாகப் படித்து முடிக்காமல் எதை வைத்து அதை எடைபோட்டார்கள்?

செய்யக்கூடியவை சில. ஒவ்வொரு வினாவும் எந்தத் தேர்ச்சி மட்டத்தைச் சோதிக்கிறது என்ற அட்டவணையைப் பரீட்சை முடிந்ததும் பரீட்சைத் திணைக்களம் வெளியிடட்டும். எந்தத் தேர்ச்சி ஆண்டுக்கணக்காகக் கேட்கப்படவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளியில் சிறு பங்கையாவது இறுதிப் பெறுபேற்றில் சேர்த்து, வலயத்துக்கு வலயம் மாதிரி எடுத்து, வெளி ஆசிரியரைக் கொண்டு மீளத் திருத்தலாம். புதிய பாடத்திட்டம் வந்தால் ஆசிரியர் பயிற்சி முதலில், பாடநூல் அடுத்து. மாதிரி வினாத்தாள் பிள்ளை பத்தாம் வகுப்புக்குள் நுழையும்போதே கையில் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்பின் கடைசித் தவணையில் வந்தால் தனியார் வகுப்புக்காரர்கள்தான் பயனடைவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்